பயிற்சி முடிஞ்சு வந்ததும் ஆளுக்கொரு கலர்: இந்தக் குணப் பிரிவு வேலையிடத்துல நிஜமா உதவுதா?

நெசவுக்காரி

வணக்கங்க. கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு ஏற்றுமதி யூனிட்ல எச்.ஆர். வேலை பார்க்கறேன். மேசை விரிப்பு, கிச்சன் டவல், பெட்ஷீட் தைச்சு அனுப்பற இடம். கொஞ்ச நாள் முன்னாடி ஸ்டாஃப் எல்லாரையும் ஏற்காட்டுக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு பயிற்சி நடத்தினாங்க. கேள்வித்தாள் கொடுத்தாங்க, டிக் அடிச்சோம், முடிவுல ஆளுக்கு ஒரு கலர். சட்டுன்னு முடிவெடுத்து வேலையை முடுக்கறவங்க சிவப்பு. கலகலன்னு பேசி ஆள் சேர்க்கறவங்க மஞ்சள். நிதானமா அனுசரிச்சுப் போறவங்க பச்சை. கணக்கும் ஒழுங்கும் பார்க்கறவங்க நீலம்.

அன்னைக்கு நல்லாத்தான் இருந்தது. வருஷக்கணக்கா பக்கத்து டேபிள்ல உட்கார்ந்தும் ரெண்டு வார்த்தை பேசாதவங்க எல்லாம் அன்னைக்குப் பேசினாங்க. பிரச்சனை மலையை விட்டுக் கீழ இறங்கின பிறகுதான். எங்க டெஸ்பாட்ச் இன்சார்ஜ் அண்ணனுக்கும் குவாலிட்டி இன்சார்ஜ் அக்காவுக்கும் ரொம்ப நாளாவே ஆகாது. அண்ணன் சத்தமாப் பேசுவார், எல்லாமே அவசரம். அக்கா நேர்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, மெயில்லதான் பதில் வரும். முன்னெல்லாம் யாராச்சும் நடுவுல போய்ச் சமாதானம் பண்ணுவாங்க. இப்ப "அவர் சிவப்பு, அந்தம்மா நீலம், ரெண்டும் ஒட்டாது"ன்னு எல்லாரும் ஒதுங்கிட்டாங்க. அவங்க ரெண்டு பேரும்கூட அதையேதான் சொல்றாங்க. "என் குணம் அப்படி, நான் என்ன பண்றது?"

இதுக்கு ஏதாவது அடிப்படை இருக்குங்களா? இருந்தா உருப்படியா எப்படிப் பயன்படுத்தறது? ரெண்டு பேருமே வேலையில கெட்டிக்காரங்க. யாரையும் இழக்க எனக்கு மனசில்லை.

பாடவேளை

சேலத்தில் ஒரு கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்லும் நாலு கலருக்குப் பின்னால் இருப்பது டிஸ்க் (DISC) என்கிற குணப் பிரிவு முறை. அதன் வேர் வில்லியம் மார்ஸ்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1928இல் எழுதிய புத்தகத்தில் இருக்கிறது. மார்ஸ்டன் எந்தக் கேள்வித்தாளும் தயாரிக்கவில்லை. வால்டர் கிளார்க் முதலியவர்கள் பின்னால் வந்து, அவருடைய கருத்தை வைத்து ஆள் தேர்வுக்கான தாளாக ஆக்கினார்கள். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மார்ஸ்டன் நாலு விதமான நடத்தைகளை எதை வைத்துப் பிரித்தார் தெரியுமா? சூழல் தனக்குச் சாதகமா பாதகமா, தன் பலம் அந்தச் சூழலைவிட அதிகமா குறைவா என்று ஒருவர் எப்படி உணர்கிறார் என்பதை வைத்து. எதிர்ப்பு இருக்கிறது, ஆனால் என்னால் மோதி ஜெயிக்க முடியும் என்று நினைப்பவர் அதிகாரமாக நடக்கிறார். எதிர்ப்பு இருக்கிறது, என் கை ஓங்கவில்லை என்று உணர்பவர் விதிகளைப் பிடித்துக்கொள்கிறார். அதாவது மூலக் கருத்திலேயே சூழல் உட்கார்ந்திருக்கிறது. பயிற்சி மண்டபத்துக்கு வரும்போது அந்தப் பாதி கழன்று விழுந்துவிட்டது, ஆளின் நெற்றியில் ஒட்டும் கலர் மட்டும் மிஞ்சியது.

இன்னொன்று எம்பிடிஐ (MBTI) என்கிற குணத் தேர்வு, ஆட்களைப் பதினாறு வகையாகப் பிரிப்பது. சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் எழுதியதை அடிப்படையாக வைத்து கேத்தரின் பிரிக்ஸ் என்ற அம்மாவும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும் உருவாக்கியது. இருவருமே உளவியலை முறையாகப் படித்தவர்கள் இல்லை. ஆனால் பல ஆண்டு சிரத்தையாக உழைத்தவர்கள். அதில் உள்ள சிக்கல், கோட்டுக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் என்று ஆளைப் பிரிப்பது. பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறோம். அதனால் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு வகை வருகிறது. அதை விற்கும் நிறுவனமே வேலைக்கு ஆள் எடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்றுதான் சொல்கிறது.

ஆய்வாளர்கள் பெரிதும் நம்புவது ஐந்து பண்புகள் என்ற அணுகுமுறையை: புதியதில் நாட்டம், பொறுப்புணர்வு, வெளிப்பழக்கம், இணக்கம், உணர்ச்சித் தளும்பல். இதில் வகை கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஐந்திலும் ஒவ்வொரு அளவு. பாரிக், மவுண்ட் இருவரும் 1991இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பொறுப்புணர்வு ஒன்றுதான் ஏறக்குறைய எல்லாவிதத் தொழிலிலும் வேலைத் திறனோடு தொடர்பு காட்டியது. அந்தத் தொடர்புகூட மிதமானதுதான்.

"அப்படியே என்னைச் சொல்லிட்டாங்க" என்று பயிற்சியில் எல்லாரும் வியந்திருப்பார்களே? 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, ஆளுக்கொரு குண விவரம் எழுதிக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் சொன்னார், எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள், வரிகள் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை என்று. "உங்களை மற்றவர்கள் விரும்ப வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு உண்டு" என்றால் யார்தான் இல்லையென்பார்கள்?

மேடைக்காரன்

ஐயா சொன்ன வரலாறு அத்தனையும் சரி. ஆனா இந்த மாதிரிப் பயிற்சி நடத்தற தொழில்ல இருக்கறவன்ங்கற முறையில ஒண்ணு சொல்லணும். சேலம், நாமக்கல், ஈரோடுன்னு நிறைய கம்பெனிக்குப் போயிருக்கேன். முக்கால்வாசி இடத்துல ஒருத்தரைப் பத்திச் சொல்ல ரெண்டே வார்த்தைதான் இருக்கும்: "நல்ல மனுஷன்" இல்லைன்னா "திமிர் பிடிச்சவன்". அந்த இடத்துக்கு நாலு வார்த்தை போய்ச் சேர்ந்தாலே பெரிய விஷயம். பேசாம இருக்கறது திமிர் இல்லை, யோசிச்சுப் பேசற பழக்கம்னு ஒரு சூப்பர்வைசருக்குப் புரிஞ்சா, அந்த ஆளோட அடுத்த நாள் நிம்மதி. விஞ்ஞானமா நூத்துக்கு நூறு நிக்காட்டியும் பேச்சைத் தொடங்கி வைக்குது.

தப்பு எங்க நடக்குதுன்னா, ஒரு நாள் பயிற்சியோட விட்டுடறாங்க. கலர் கொடுத்துட்டு நாங்க பஸ் ஏறிடறோம். அதுக்கப்புறம் அதை வச்சு என்ன பண்றதுன்னு கம்பெனியும் கேக்கறதில்லை, நாங்களும் சொல்றதில்லை.

பட்டறைத்தெரு

செவ்வாய்ப்பேட்டையில கொலுசுப் பட்டறை, எங்கப்பா காலத்துல இருந்து. எங்க தொழில்ல வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து எடை போட்டு வாங்கணும். கம்பி இழுக்கறவர்கிட்ட இருந்து பத்தவைக்கறவர்கிட்ட, அங்கிருந்து சலங்கை கோக்கற பொம்பளைங்ககிட்ட, அப்புறம் மெருகுக்குன்னு கை மாறிக்கிட்டே போகும். ஒவ்வொரு கையிலயும் சேதாரம் எவ்வளவுன்னு கணக்கு. தராசு முன்னாடி உட்கார்றவர் பேச மாட்டார், சிரிக்க மாட்டார், அவசரப்படுத்தினா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். உங்க கேள்வித்தாளைக் கொடுத்தா அவருக்கு அசல் நீலம் வரும்.

அதே மனுஷனை ஆடி மாசம் வண்டி வேடிக்கையில வந்து பாருங்க. சாமி வேஷம் கட்டறவங்களுக்கு ஜரிகை வாங்கறதுல இருந்து, வண்டி எந்தச் சந்துல திரும்பணும்ங்கறது வரைக்கும் நடுத்தெருவுல நின்னு சத்தம் போட்டு நடத்தறவர் அவர்தான். ஊரே அவர் பேச்சைக் கேக்கும். இதுல எது அவர் குணம்? தராசு அவரை அப்படி உட்கார வைக்குது. ஒரு கிராம் குறைஞ்சா கேள்வி அவரைத்தானே கேப்பாங்க.

அதனால அம்மிணி, அந்த ரெண்டு பேரோட குணத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடி அவங்க உட்கார்ற நாற்காலியைப் பாருங்க.

காப்பிப்பூ

ஏற்காட்டுல ஒரு காப்பி எஸ்டேட்டுல மேனேஜரா இருக்கறேன். பட்டறைத்தெரு அண்ணன் சொன்னது எங்க தோட்டத்துக்கும் அப்படியே பொருந்துது.

நவம்பர் கடைசியில ஆரம்பிச்சு பிப்ரவரி வரைக்கும் பழம் பறிக்கற காலம். பறிச்ச பழத்தை அன்னைக்கே பல்பர்ல போட்டுத் தோல் உரிச்சாகணும். குவிச்சு வச்சா புளிச்சுப்போயிரும், காப்பியோட ருசியே கெட்டுப்போகும். காட்டுல இருக்கற மேஸ்திரிக்கு வெளிச்சம் இருக்கறவரைக்கும் பறிக்கணும், ஏன்னா எடைக்கு ஏத்த மாதிரிதான் ஆளுங்களுக்குக் கூலி. பல்பர் ஹவுஸ்காரருக்கு சாயங்காலமே மூட்டை வந்து சேரணும், இல்லைன்னா விடிய விடிய தண்ணியில நின்னு கழுவணும். ரெண்டு பேருக்கும் தினம் சண்டை. ஒருத்தர் முரடன்னும் இன்னொருத்தர் முணுமுணுக்கறவர்னும் எஸ்டேட் முழுக்கப் பேரு. ஜூன் மாசம் வந்து பார்த்தா, நிழல் மரத்துல கிளை கழிக்கற வேலையில ரெண்டு பேரும் ஒரே தூக்குல சோறு பங்கு போட்டுச் சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க.

இன்னொண்ணும் சொல்லணும், இது எனக்கு ரொம்ப உறுத்தற விஷயம். பழம் பறிக்கறவங்க காலையில பேர் கொடுக்கற இடத்துல வாயே திறக்க மாட்டாங்க. வெளியூர்ல இருந்து வந்த பயிற்சிக்காரர் ஒருத்தர் பார்த்துட்டு, "இவங்கல்லாம் சாந்தமான வகை, எதிர்த்துப் பேசாத சுபாவம்"னு எழுதிட்டுப் போனார். தினக்கூலிக்கு வர்றவங்க மேனேஜர் முன்னாடி எப்படிங்க எதிர்த்துப் பேசுவாங்க? நாளைக்கு வேலை இல்லைன்னு சொல்லிட்டா? அதே ஆளுங்க சேர்வராயன் கோயில் திருவிழாவுல வரி கணக்கு பேசறதைக் கேட்டா, யார் சாந்தம் யார் காரம்னு தெரியும். கீழ இருக்கறவங்க மௌனத்தைக் குணம்னு எழுதினா, மேல இருக்கறவங்க காது கொடுக்க வேண்டிய கடமை கழிஞ்சுபோயிருது.

பாடவேளை

காப்பிப்பூ, பட்டறைத்தெரு இருவரும் சொல்வது இந்தத் துறையில் பெரிய விவாதமாகவே நடந்தது. 1968இல் வால்டர் மிஷல், ஒருவரின் நடத்தை இடத்துக்கு இடம் நாம் நினைப்பதைவிட அதிகம் மாறுகிறது என்று எழுதி ஒரு தலைமுறை ஆய்வாளர்களை உலுக்கினார். பின்னால் வந்தவர்கள் பண்பும் உண்டு, சூழலும் உண்டு என்று தெளிவுபடுத்தினார்கள். ஒருவரின் சராசரி நடத்தை ஆண்டுகள் போனாலும் ஓரளவு நிலையாக இருக்கும். ஆனால் இன்று மதியம் இந்த மேசையில் அவர் எப்படி நடப்பார் என்பதைக் கலரை வைத்துச் சொல்ல முடியாது.

அடுத்தவர் கோபப்பட்டால் "அவர் கோபக்காரர்" என்கிறோம். நாம் கோபப்பட்டால் "அன்னைக்கு அவ்வளவு நெருக்கடி" என்கிறோம். அடுத்தவரின் செயலுக்குச் சூழலை மறந்து குணத்தைக் காரணம் காட்டும் இந்தச் சாய்வுக்கு 1977இல் லீ ராஸ் பெயரிட்டு எழுதினார். குணப் பிரிவுப் பயிற்சி கவனமில்லாமல் நடந்தால் இந்தச் சாய்வுக்குச் சான்றிதழ் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ராத்திரிஷிப்ட்

நான் பெருசா படிக்கலைங்க. மூணு ஷிப்ட் மாறி மாறி வர்ற ஆலையில ரொம்ப வருஷம் வேலை செஞ்சு ரிட்டயர் ஆனவன். ராத்திரி ஷிப்ட் முடியற நேரத்துல எல்லாருமே சிவப்புதான். ஷிப்ட் மாத்தறப்போ சார்ஜ் கொடுக்கற அந்தக் கொஞ்ச நேரத்துலதான் அத்தனை சண்டையும் வரும். ஒருத்தருக்கு வீட்டுக்குப் போகணும், இன்னொருத்தருக்கு எல்லாம் தெரிஞ்சாகணும். எங்க ஃபோர்மேன் ஒரு நோட்டு போட்டார். எந்த மெஷின் என்ன நிலைமையில இருக்குன்னு எழுதிட்டுத்தான் போகணும்னு. பாதி சண்டை அதோட நின்னுச்சு. யாரோட குணமும் மாறலை.

ஜாகீர்பக்கம்

ஜாகீர் அம்மாபாளையம் ஐ.டி. பார்க்ல வேலை பார்க்கறேன். இந்த இழையைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியலை.

இதுக்கு முன்னாடி இருந்த கம்பெனியில இதே மாதிரி ஒரு டெஸ்ட். எனக்கு உள்முகம்னு வந்தது. ரிசல்ட் எங்களுக்கு மட்டும்தான்னு சொன்னாங்க. அடுத்த அப்ரைசல்ல மேனேஜர் சொல்றார், "நீங்க இன்ட்ரோவர்ட், க்ளையன்ட் கால் எடுக்கற ரோல் உங்களுக்குச் சரிவராது". அதுவரைக்கும் க்ளையன்ட்டோட தினமும் பேசிக்கிட்டு இருந்தவளே நான்தான். நிறைய ஆள் இருக்கற மீட்டிங்ல முந்திக்கிட்டுப் பேச மாட்டேன், அவ்வளவுதான். என்ன பேசப்போறோம்னு முன்னாடியே அனுப்பினா தயாராகி வந்து பேசுவேன். அதை யாரும் கேக்கலை.

அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகலை. வாயாடின்னும் ஊமைன்னும் முத்திரை குத்தறதை வீட்டுலயே நிறையப் பார்த்துட்டோம். ஆபீஸ்லயும் அச்சடிச்ச தாள்ல அதே முத்திரை வேணுமா?

மேடைக்காரன் சார், பேச்சைத் தொடங்கி வைக்குதுன்னு சொல்றீங்க. எனக்கு அது பேச்சை முடிச்சு வச்சது.

மேடைக்காரன்

உங்களுக்கு நடந்தது அநியாயம். சுத்தி வளைக்காம ஒத்துக்கறேன். ரிசல்ட் தாள் நிர்வாகத்துக்குப் போகக் கூடாதுன்னு நாங்க எழுதி வாங்கணும். வாங்காத பயிற்சிக்காரரைக் கம்பெனி கூப்பிடக் கூடாது.

ஊசிநூல்

நெசவுக்காரி அக்கா, நான் திருப்பூர்ல குவாலிட்டியில இருந்துட்டு இப்ப சேலத்துக்கு வந்துட்டேன். ஒரே ஒரு கேள்வி. அவங்க ரெண்டு பேரும் எதுக்குச் சண்டை போடறாங்க? கலரை விடுங்க. கடைசியா நடந்த சண்டை எந்தச் சரக்கு மேல, எந்த நேரத்துல?

நெசவுக்காரி

நல்ல கேள்விங்க. ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா உட்கார்ந்து கேட்டேன்.

டவல் ஆர்டர், 3000 பீஸ். தூத்துக்குடி துறைமுகத்துல கன்டெய்னர் உள்ள போக கட்-ஆஃப் நேரம் உண்டு. தவறினா அடுத்த கப்பல்தான், பையர், அதாவது சரக்கு வாங்கற கம்பெனி, விமானத்துல அனுப்பச் சொன்னா லாபம் மொத்தமும் போயிரும். அண்ணன் லாரியை வரச்சொல்லிட்டார். அக்கா கடைசி இன்ஸ்பெக்ஷன்ல நிறுத்திட்டாங்க. "எட்டு பீஸ்லதான் டிஃபெக்ட், மூவாயிரத்துல எட்டுக்கு என்னம்மா"ன்னு அண்ணன் எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டிருக்கார். அக்கா பதிலே சொல்லாம சீட்டுக்குப் போய் முதலாளி பேரையும் சேர்த்து மெயில் அனுப்பிட்டாங்க.

ஊசிநூல்

அப்படின்னா விஷயம் தெளிவாயிருச்சுங்க. மூவாயிரத்துல எட்டு இல்லை அது. ஐஎஸ்ஓ 2859ங்கற சாம்பிள் சோதனை அட்டவணைப்படி, 1201ல இருந்து 3200 பீஸ் வரைக்கும் உள்ள லாட்டுக்கு, அதாவது ஒண்ணாச் சோதிக்கற சரக்குத் தொகுதிக்கு, வழக்கமான இரண்டாம் நிலைச் சோதனையில 125 பீஸ்தான் எடுத்துப் பார்ப்போம். பையர் கேக்கற ஏக்யூஎல் (AQL, எவ்வளவு குறை வரைக்கும் ஏத்துக்கலாம்ங்கற அளவு) 2.5ன்னா, அந்த 125ல 7 வரைக்கும் பாஸ். 8 வந்தா லாட் ஃபெயில். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல அக்காவுக்கு ஒரு அங்குலம் இடம் கிடையாது. பச்சையோ மஞ்சளோ யார் அந்த நாற்காலியில உட்கார்ந்தாலும் நிறுத்தித்தான் ஆகணும். கையெழுத்து போட்டு அனுப்பிட்டு அங்க போய் சரக்கு திரும்பினா பையர் கேக்கறது அந்தக் கையெழுத்தைத்தான்.

அண்ணனைக் குறை சொல்லவும் இல்லை. லாரி, கன்டெய்னர், துறைமுகம் எல்லாம் அவர் தலையில. கடைசி நிமிஷத்துல ஃபெயில்னு கேட்டா யாருக்கும் ரத்தம் கொதிக்கும். ஆனா அந்த டிஃபெக்ட் கடைசி நிமிஷத்துல பொறந்தது இல்லை. தைக்கற லைன்லயே தெரிஞ்சிருக்கும். அப்பவே அவருக்கு யாரும் சொல்லலை.

பாடவேளை

ஊசிநூல் போட்ட கணக்குக்கு முன் என் நீண்ட பதிவு ஒன்றுமில்லை.

இப்போது குணத்துக்கு மிச்சம் இருக்கும் இடம் சின்னது, ஆனால் உண்மையானது. எட்டாவது பீஸில் நிறுத்துவது விதி. அந்தச் செய்தியை எப்போது, எப்படி, யார் முன்னால் சொல்வது என்பதில்தான் இருவரின் பழக்கமும் மோதுகிறது. கெட்ட செய்தி உடனே, வாயால், ஒரே வரியில் வர வேண்டும் அந்த அண்ணனுக்கு. முழுதும் சரிபார்த்து, எழுத்தில், அமைதியாகச் சொல்ல வேண்டும் அந்த அக்காவுக்கு. நாலு பேர் முன்னால் குரல் உயர்ந்தால் அக்கா தனக்குள்ளே ஒடுங்கிவிடுகிறார். மெயிலில் முதலாளி பெயரைப் பார்த்ததும் அண்ணன் தன்னைக் காட்டிக் கொடுத்ததாக எடுத்துக்கொள்கிறார்.

இருவரிடமும் கேட்க மூன்று கேள்வி போதும் என்று நினைக்கிறேன். ஒரு விஷயம் தவறிப்போகிறது என்றால் உங்களுக்கு எந்தக் கட்டத்தில் தெரிய வேண்டும்? போனா, நேரிலா, எழுத்திலா? எதிராளி என்ன செய்தால் உங்களுக்கு மரியாதை குறைந்ததாகப் படுகிறது? இதைக் கேட்க எந்தக் கேள்வித்தாளும் வேண்டாம். அவர்களே தங்களைப் பற்றிச் சொல்லட்டும்.

காப்பிப்பூ

மூணாவது கேள்வியைத் தனியாக் கேளுங்கம்மா, சேர்த்து உட்கார வச்சுக் கேக்காதீங்க. நம்ம பக்கத்து ஆளுங்க அதை அடுத்தவர் முன்னாடி ஒருநாளும் சொல்ல மாட்டாங்க.

நெசவுக்காரி

தனித்தனியாத்தான் கேட்டேன். அக்கா சொன்னது, "சத்தம் போட்டாகூடப் பரவாயில்லைங்க, என் கீழ வேலை பார்க்கற பொண்ணுங்க முன்னாடி வேண்டாம்." அண்ணன் சொன்னது, "முதல்லயே ஒரு போன் போட்டா நான் லாரியையே சொல்லியிருக்க மாட்டேனே." ரெண்டு பேரும் எதிராளி இதைத்தான் சொல்வாங்கன்னு நினைக்கவே இல்லை. நான் அப்படியே கொண்டு போய்ச் சேர்த்தேன், என் வார்த்தை எதுவும் கலக்காம.

முடிவு பண்ணினது இது. லைன் சோதனையில டிஃபெக்ட் கூடற மாதிரி தெரிஞ்சா அக்கா அறிக்கை எழுதறதுக்கு முன்னாடியே அண்ணனுக்கு போன். அண்ணன் அக்காகிட்டக் கேட்காம லாரிக்குச் சொல்லக் கூடாது. வாக்குவாதம்னா என் கேபின்ல. மெயில் போகட்டும், ஆனா பேசின பிறகு. அடுத்த ஆர்டர்ல ஓவர்லாக் மெஷின் ஒண்ணு நூலை விட்டு விட்டுத் தைச்சதை அக்கா நடுவுலயே போன்ல சொல்லிட்டாங்க. அண்ணன் முகத்தைச் சுளிச்சார், ஆனா லாரியை ஒரு நாள் தள்ளிட்டார். இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து டீ குடிக்கறதில்லை. அது தேவையும் இல்லைன்னு விட்டுட்டேன்.

இப்ப வேற ஒரு தலைவலி. புதுசா ஒரு மெர்ச்சண்டைசர், அதாவது பையரோட பேசி ஆர்டரைக் கவனிக்கற ஆள், எடுக்கணும். முதலாளி அதே கலர் டெஸ்ட்டை இன்டர்வியூவுல வைக்கச் சொல்றார், "மஞ்சளாப் பார்த்து எடுங்க"ங்கறார். ஜாகீர்பக்கம் சொன்னதைப் படிச்ச பிறகு எனக்கு அதுல சம்மதமே இல்லை. அவர்கிட்ட என்ன சொல்றது?

மேடைக்காரன்

பயிற்சிக்காரரையே போன் பண்ணச் சொல்லுங்க. அந்தத் தாள் ஆள் எடுக்கறதுக்கு இல்லைன்னு அவர் வாயாலயே முதலாளிக்குச் சொல்லட்டும். சொல்ல மறுத்தார்னா என்கிட்ட கொடுங்க, நான் பேசறேன்.

ஜாகீர்பக்கம்

பழைய ரிசல்ட் தாள்களையும் பர்சனல் ஃபைல்ல இருந்து எடுத்து அவங்கவங்ககிட்டத் திருப்பிக் கொடுத்துருங்க அக்கா. ஃபைல்ல கிடந்தா என்னைக்காவது யாராவது எடுத்துப் படிப்பாங்க.

பாடவேளை

முதலாளியிடம் "கூடாது" என்று மட்டும் சொன்னால் கேட்க மாட்டார். பதிலுக்கு ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். வந்தவர் எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, அப்போதே மதிப்பெண் போட்டு வையுங்கள். அந்த வேலையின் ஒரு துண்டையே செய்யவும் சொல்லுங்கள். ஆள் எடுப்பதில் குணக் கேள்வித்தாளைவிட இந்த இரண்டும் நன்றாகக் கணிப்பதாகத்தான் ஆய்வுகள் சொல்கின்றன. உங்கள் பையர் அனுப்பிய பழைய மெயில் ஒன்றில் பெயரையும் விலையையும் மறைத்துவிட்டு, "சாம்பிளில் சாயம் வேறு மாதிரி இருக்கிறது, தேதியும் மாறக் கூடாது என்கிறார், பதில் எழுதுங்கள்" என்று அரை மணி நேரம் கொடுங்கள். பதில்களை முதலாளியும் குவாலிட்டி அக்காவும் தனித்தனியாகத் திருத்தட்டும்.

நெசவுக்காரி

சாய விஷயமா வந்த ஒரு மெயில் என்கிட்டயே இருக்குங்க. டெஸ்பாட்ச் அண்ணனையும் திருத்த வைக்கறேன், தேதி பத்தி யார் என்ன வாக்கு கொடுக்கறாங்கன்னு அவருக்குத்தான் தெரியும். திங்கட்கிழமை முதலாளிகிட்டப் பேசிட்டு வந்து எழுதறேன்.